கடலுக்கும் காற்றுக்கும் கொடுக்கல் வாங்கல்: கணக்கை யார், எப்படி எழுதுகிறார்கள்?

கேள்வி இது: "மனிதர்கள் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் கால் பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது, கடலிலிருந்து வருடத்துக்கு 2.8 கோடி டன் கந்தகம் காற்றுக்குப் போகிறது என்றெல்லாம் படிக்கிறேன். கடல் முழுக்க மூடி போட்டா அளந்தார்கள்? இந்த எண்களை எப்படி நம்புவது?"

மூடி போட்டும் அளந்திருக்கிறார்கள். ஒரு பெட்டியைக் கவிழ்த்துத் தண்ணீர்மேல் மிதக்கவிட்டு, உள்ளே வாயு நிமிடத்துக்கு நிமிடம் எவ்வளவு கூடுகிறது என்று பார்ப்பது பழைய முறைதான். ஏரி, கழிமுகம், உப்பங்கழி மாதிரி அமைதியான நீரில் இன்றும் செய்கிறார்கள். நடுக்கடலில் அது எடுபடாது. அலை பெட்டியைப் புரட்டிவிடும் என்பது சின்னக் காரணம். வாயுவைக் கடலிலிருந்து கிளப்பிவிடுவதே காற்றும் அலையும்தான், பெட்டியோ அந்தக் காற்றையே மறைத்துக்கொண்டு நிற்கிறது என்பது பெரிய காரணம். அடுப்பை அணைத்துவிட்டு, சோறு வேக எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரம் பார்ப்பது போல.

அதனால் வேறு வழி பிடித்தார்கள். ஏரி மதகை நினைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு தண்ணீர் பாயும் என்பது இரண்டு விஷயங்களில் இருக்கிறது: உள்ளேயும் வெளியேயும் நீர்மட்டம் எவ்வளவு வேறுபடுகிறது, மதகு எவ்வளவு திறந்திருக்கிறது. கடலிலும் இதே கதைதான். நீர்மட்ட வேறுபாட்டின் இடத்தில் செறிவு வேறுபாடு வரும். அதாவது கடல்நீரில் இப்போது கரைந்திருக்கும் வாயுவின் அளவுக்கும், மேலே உள்ள காற்றோடு சமநிலைக்கு வந்திருந்தால் கரைந்திருக்க வேண்டிய அளவுக்கும் உள்ள வித்தியாசம். மதகின் திறப்புக்குப் பதில் 'பிஸ்டன் வேகம்' என்ற ஒன்று. ஒரு பிஸ்டன் தண்ணீரிலிருந்து வாயுவை மேலே தள்ளிக்கொண்டே வருகிறது என்று கற்பனை செய்தால், அது மணிக்கு எத்தனை சென்டிமீட்டர் நகர்கிறது என்பதே அந்த எண். இரண்டையும் பெருக்கினால் ஒரு சதுர மீட்டர் கடல் வழியாகப் போகும் வாயு கிடைத்துவிடும். பீட்டர் லிஸ்ஸும் ஸ்லேட்டரும் 1974இல் பல வாயுக்களுக்கு இப்படிக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். இன்றுவரை பெரும்பாலான உலகக் கணக்குகள் அந்தப் பெருக்கலின்மேல்தான் நிற்கின்றன.

ஆக, நீங்கள் படித்த எண்களை யாரும் நேரடியாக 'அளக்கவில்லை'. ஒன்றை அளந்தார்கள், இன்னொன்றைக் காற்றின் வேகத்திலிருந்து ஊகித்தார்கள், இரண்டையும் பெருக்கினார்கள். முதல் எண் அலுப்பான வேலை, ஆனால் நம்பகமானது. இரண்டாவதில்தான் அரை நூற்றாண்டாகச் சண்டை.

முதல் எண்ணை உங்கள் கேள்வியில் வரும் கந்தகத்தை வைத்தே பார்ப்போம். அந்த வாயுவின் பெயர் டைமெத்தில் சல்ஃபைடு, சுருக்கமாக டி.எம்.எஸ். கடலின் நுண்பாசிகள் தங்கள் செல்லுக்குள் வைத்திருக்கும் ஒரு கந்தகச் சேர்மம் சிதையும்போது இது உண்டாகிறது. கடற்கரையில் நாம் 'கடல் வாசனை' என்று சொல்வதில் இதற்கும் பங்கு உண்டு. முட்டைக்கோஸ் அளவுக்கு மீறி வெந்துவிட்டால் கிளம்புகிற நெடியிலும் இதே ஆசாமிதான்.

இதைக் கடலில் தேடிப் போனவர் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜேம்ஸ் லவ்லாக். ஆறுகள் நிலத்தின் கந்தகத்தைக் கடலுக்குக் கொண்டுபோய்க்கொண்டே இருக்கின்றன, அது எந்த வழியாகத் திரும்பி வருகிறது என்பது அப்போது விடை தெரியாத கேள்வி. ஹைட்ரஜன் சல்ஃபைடாக வரும் என்று பலர் நினைத்தார்கள். லவ்லாக் 1971-72இல் ஷேக்கில்டன் என்ற பிரிட்டிஷ் ஆய்வுக் கப்பலில் பிரிட்டனிலிருந்து அண்டார்டிகா வரை போய்வந்த பயணத்தில், போகிற வழியெல்லாம் கடல்நீரில் டி.எம்.எஸ். இருப்பதைக் காட்டினார். அதே பயணத்தில், தானே கண்டுபிடித்த எலக்ட்ரான் பிடிப்புக் கருவியைக் கொண்டு அந்நாளில் ஸ்பிரே டப்பாக்களில் அடைத்த வாயுவான சி.எஃப்.சி.-11 நிலமே தெரியாத நடுக்கடல் காற்றிலும் இருப்பதைக் கண்டார். அதனால் எந்த ஆபத்தும் இல்லை என்று 1973 கட்டுரையில் எழுதியும் வைத்தார். அடுத்த வருடமே மோலினா, ரோலண்ட் என்ற வேதியியலாளர்கள், இந்த வகை வாயுக்கள் ஓசோன் படலத்தைச் சிதைக்கும் என்ற கதையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். அளவு சரியாக இருந்து, அதன் அர்த்தம் தப்பாகப் போவதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சரி, எப்படி அளப்பது? திறந்த கடலில் டி.எம்.எஸ். லிட்டருக்கு ஏறத்தாழ 3 நானோமோல்தான். ஒரு கிராமை 50 லட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கைவிடக் குறைவு. தண்ணீரைக் குமிழி புகாமல் கண்ணாடிச் சிரிஞ்சில் எடுக்க வேண்டும். பாசிகளை வடிகட்ட வேண்டும், அதுவும் மெதுவாக. அவசரப்பட்டு அழுத்தினால் செல்கள் உடைந்து உள்ளே இருந்ததெல்லாம் தண்ணீரில் கலந்துவிடும், கடலில் இல்லாத வாயுவை நாமே உண்டாக்கி அளந்துகொண்டிருப்போம். அப்புறம் நைட்ரஜனையோ ஹீலியத்தையோ அந்த நீருக்குள் குமிழியாக ஓட்டினால், கரைந்த வாயு குமிழியோடு வெளியேறும். அதை உலர்த்தி, திரவ நைட்ரஜனால் குளிரவைத்த ஒரு மெல்லிய வளையக் குழாயில் பிடித்து வைப்பார்கள். போதுமானது சேர்ந்ததும் குழாயை வெந்நீரில் முக்கினால், அத்தனையும் ஒரே மூச்சில் கிளம்பி, வாயுக்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃபுக்குள் போகும். ஒரு மாதிரிக்கே கணிசமான நேரம் பிடிக்கும். மாதிரியை ஊருக்குக் கொண்டுவந்து சாவகாசமாகப் பார்க்கலாம் என்றால் அதற்குள் பாக்டீரியா கைவைத்துவிடும், எனவே எல்லாம் ஆடுகிற கப்பலிலேயே நடக்க வேண்டும். 2011இல் வெளியான உலக டி.எம்.எஸ். வரைபடத்துக்கு இப்படிச் சேர்ந்த அளவுகள் சுமார் 47,000. உலகக் கடல் முழுவதுக்கும், எல்லா மாதங்களுக்கும், பல பத்தாண்டுகளாகச் சேர்த்தும் அவ்வளவுதான். நீங்கள் படித்த 2.8 கோடி டன் அதிலிருந்து வந்தது. அதன் கூடவே 1.76 கோடியிலிருந்து 3.44 கோடி வரை என்று ஒரு எல்லையும் கொடுத்திருந்தார்கள். செய்திகளில் அந்த எல்லையை வெட்டிவிடுகிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். லிட்டருக்கு 3 நானோமோல் என்றால் கன மீட்டருக்கு 3 மைக்ரோமோல். பிஸ்டன் வேகம் மணிக்கு 10 சென்டிமீட்டர் என்று வைத்தால், ஒரு நாளைக்கு 2.4 மீட்டர். பெருக்கினால் ஒரு சதுர மீட்டர் கடலிலிருந்து நாளொன்றுக்கு 7.2 மைக்ரோமோல் டி.எம்.எஸ். காற்றுக்குப் போகிறது. மேலே உள்ள காற்றின் பங்கைக் கழிக்க வேண்டாமா? வேண்டும்தான். காற்றில் லட்சம் கோடியில் 100 பங்கு டி.எம்.எஸ். இருந்தால், அதோடு சமநிலையில் இருக்கும் நீரில் லிட்டருக்கு சுமார் 0.06 நானோமோல்தான் இருக்கும். 3 என்பதற்கு முன்னால் அது 2 சதவீதம், விட்டுவிடலாம். டி.எம்.எஸ். எப்போதும் ஒருவழிப் பாதை. கடல் கொடுக்கிறது, காற்று வாங்குகிறது. இந்தக் குணம் பின்னால் பெரிய உதவியாக வந்தது, அதற்கு வருகிறேன்.

கார்பன் டை ஆக்சைடில் இந்தச் சொகுசு கிடையாது. காற்றில் பத்து லட்சத்துக்கு 420 பங்கு, கடலில் அதே அலகில் 400 என்று இருந்தால் வித்தியாசம் 20 மட்டுமே. கடல் அளவில் 2 தப்பினால் விடையில் 10 சதவீதம் போச்சு. இதில் ஒரு வேடிக்கை: கடல்நீரை ஒரு டிகிரி சூடாக்கினால் அதன் கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 4 சதவீதத்துக்கு மேல் ஏறும், 400க்கு அது கிட்டத்தட்ட 17. கப்பலின் அடியில் உறிஞ்சிய நீர் ஆய்வுக்கூடக் குழாய் வரை வருவதற்குள் கால் டிகிரி சூடேறினாலே வித்தியாசத்தில் ஐந்தில் ஒரு பங்கு பொய். அதனால்தான் இந்தக் கருவிகளை வைத்திருப்பவர்கள் வாயுவைப் பற்றிப் பேசுவதைவிட வெப்பமானியைப் பற்றி அதிகம் பேசுவார்கள். நைட்ரஸ் ஆக்சைடும் மீத்தேனும் இதே சங்கடம்தான். திறந்த கடலின் பெரும்பகுதியில் அவை சமநிலையை ஒட்டியே இருக்கின்றன, அந்தச் சின்ன வித்தியாசத்தைத்தான் பிடிக்க வேண்டும்.

இனி மதகு. கடலின் மேல்பரப்பில், தலைமுடியின் தடிமனே உள்ள ஒரு நீர்ப்படலம் இருக்கிறது. அதற்குக் கீழே தண்ணீர் கலங்கிக்கொண்டே இருக்கும், அதற்கு மேலே காற்று கலங்கிக்கொண்டே இருக்கும். நடுவில் உள்ள இந்தப் படலத்தை மட்டும் வாயு மூலக்கூறு தானாக ஊர்ந்துதான் கடக்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு மாதிரி அதிகம் கரையாத வாயுக்களுக்கு முழுத் தடையும் இங்கேதான். மெத்தனால் மாதிரி நன்றாகக் கரைவனவற்றுக்குத் தடை காற்றுப் பக்கத்தில் இருக்கும். காற்று வலுக்க வலுக்கப் படலம் மெலியும், மதகு திறக்கும். ஆக, காற்றின் வேகம் தெரிந்தால் பிஸ்டன் வேகம் தெரிந்துவிடும் என்று ஒவ்வொருவராகச் சூத்திரம் எழுத ஆரம்பித்தார்கள்.

அந்தச் சூத்திரங்களை ஒரே மேசையில் வைத்துப் பாருங்கள். நொடிக்கு 7 மீட்டர் காற்றில், அதாவது கடலின் சாதாரண நாளில், லிஸ்-மெர்லிவா (1986), வானின்கோஃப் (1992), வானின்கோஃப்-மெக்கில்லிஸ் (1999), நைட்டிங்கேல் (2000) எல்லாரும் மணிக்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் என்று ஏறக்குறைய ஒத்துப்போகிறார்கள். காற்றை 15 மீட்டருக்கு ஏற்றுங்கள். லிஸ்-மெர்லிவா 40க்குக் கீழே சொல்கிறது. நைட்டிங்கேல் 50ஐத் தாண்டுகிறது. வானின்கோஃப் 70. வேகத்தின் மும்மடியில் ஏறும் 1999 சூத்திரம் 95. ஒரே கடல், ஒரே புயல், இரண்டரை மடங்கு வித்தியாசம்.

இதைத் தீர்க்க மூன்று பெரிய வழிகள் வந்தன. முதல் வழியை மனிதன் தெரியாமலே செய்துவைத்தான். 1950களிலும் 60களிலும் வானில் வெடித்த அணுகுண்டுகள் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்கின. அதில் எவ்வளவு கடலுக்குள் போய்ச் சேர்ந்தது என்று 1970களில் கப்பல்கள் எண்ணின. உலகம் முழுவதற்கும், பல வருடங்களுக்கும் சேர்ந்த ஒரு சராசரி அதிலிருந்து கிடைத்தது. வானின்கோஃப் 1992இல் தன் சூத்திரத்தை அதற்குப் பொருத்தினார். காற்று வேகத்தின் வர்க்கத்தை 0.31ஆல் பெருக்கு என்றார். பின்னாளில் கார்பன்-14 கணக்கைத் திரும்ப எண்ணியபோது முன்பு நினைத்ததைவிடக் குறைவாகவே கடலுக்குள் போயிருந்தது தெரிந்தது. காற்று வேகத் தரவுகளும் மேம்பட்டிருந்தன. 2014இல் அவரே 0.31ஐ 0.251 ஆக்கினார். இருபது வருடம் எல்லாரும் பயன்படுத்திய தன் எண்ணைத் தானே ஐந்தில் ஒரு பங்கு குறைத்தார். எனக்கு இந்தத் துறையின்மேல் மரியாதை வந்த இடங்களில் இது ஒன்று.

இரண்டாவது வழி அழகானது. கடலில் ஒரு திட்டுக்குள் இரண்டு வாயுக்களைச் சேர்த்துக் கரைப்பார்கள்: சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளோரைடு, ஹீலியம்-3. இரண்டும் இயற்கைக் கடலில் இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு. திட்டு பரவிப் பரவி நீர்த்துப்போகும், ஆனால் நீர்த்துப்போவது இரண்டையும் ஒரே மாதிரி குறைக்கும், இரண்டுக்கும் உள்ள விகிதம் மாறாது. காற்றுக்குத் தப்பி ஓடுவதில்தான் வித்தியாசம். இலேசான ஹீலியம் படலத்தை வேகமாகக் கடக்கும், கனமான மற்றது பின்தங்கும். எனவே விகிதம் மாறினால் அது மேற்பரப்பு வழியாக ஓடியதன் அடையாளம் மட்டுமே. ஒரு நாளைக்கு எவ்வளவு மாறுகிறது என்று பார்த்தால் பிஸ்டன் வேகம் வந்துவிடும். வட கடலில் இதைச் செய்தார்கள். அங்கே ஆழம் குறைவு, தண்ணீர் மேலிருந்து அடிவரை கலந்திருக்கும், ஆகவே எவ்வளவு தண்ணீரிலிருந்து வாயு போனது என்ற சந்தேகம் இல்லை. நைட்டிங்கேலின் 2000 சூத்திரம் அப்படிப் பிறந்தது. குறை என்னவென்றால், ஒரு அளவுக்கு ஒரு நாள், இரண்டு நாள் ஆகும். அந்த நேரத்தில் காற்று பத்து முறை மாறியிருக்கும்.

மூன்றாவது வழிதான் உங்கள் 'நேரடியாக அளந்தார்களா' என்ற கேள்விக்கு மிக அருகில் வருவது. பெயர் எடி கோவேரியன்ஸ். காற்று மேலும் கீழுமாகச் சுழன்றுகொண்டே இருக்கிறது. கடல் ஒரு வாயுவை விட்டுக்கொண்டிருந்தால், மேலே எழும் சுழலில் அந்த வாயு கொஞ்சம் கூடுதலாகவும் கீழே இறங்கும் சுழலில் கொஞ்சம் குறைவாகவும் இருக்கும். நொடிக்குப் பத்து முறை காற்றின் செங்குத்து வேகத்தையும் வாயுவின் அளவையும் அளந்து, இரண்டின் ஏற்ற இறக்கங்களைப் பெருக்கி, பத்து நிமிடம், அரை மணி என்று சராசரி எடுத்தால் அதுதான் பாய்வு. சூத்திரமும் வேண்டாம், மதகும் வேண்டாம்.

நிலத்தில் கோபுரம் நட்டு இதை எளிதாகச் செய்யலாம். கப்பலில் கோபுரமே ஆடுகிறது. கப்பல் அலையில் ஏறி இறங்கும் வேகம், நாம் தேடுகிற காற்றின் செங்குத்து வேகத்தைவிடப் பெரிதாகவே இருக்கும். எனவே முன்பக்கக் கம்பத்தில் காற்றுமானிக்குப் பக்கத்திலேயே அசைவு உணரிகளை வைத்து, ஒவ்வொரு அசைவையும் கழிக்கிறார்கள். காற்று முன்னாலிருந்து வரும்போதுதான் தரவு செல்லுபடியாகும். பின்னாலிருந்து வந்தால் கப்பலின் புகைபோக்கியையே அளந்துகொண்டிருப்போம். கார்பன் டை ஆக்சைடுக்கு இன்னொரு தலைவலி ஈரம். கடல்மேல் நீராவி ஏறி இறங்குவது காற்றின் அடர்த்தியையே மாற்றுகிறது, கருவியின் கண்ணாடியில் உப்பு படிந்தால் நிலைமை இன்னும் மோசம். ஆரம்ப காலத்தில் திறந்த கருவிகள் காட்டிய பாய்வுகள் வேறு முறைகளைவிடப் பல மடங்கு பெரிதாக இருந்தன. அப்புறம் ஒரு சவ்வுக் குழாயில் காற்றை உலர்த்திவிட்டு அளக்கத் தொடங்கியதும்தான் எண்கள் இறங்கி வழிக்கு வந்தன.

இங்கேதான் டி.எம்.எஸ்ஸின் ஒருவழிக் குணம் கைகொடுத்தது. பின்னணியில் ஏற்கெனவே 420 இருக்கிற வாயுவில் சிறு துடிப்பைத் தேடுவது வேறு, பின்னணியே அற்பமாக இருக்கிற வாயுவில் தேடுவது வேறு. மூலக்கூறுகளை எடையை வைத்து அடையாளம் காணும், வேகமாக வேலை செய்யும் நிறை நிறமாலைமானியைக் கப்பலில் ஏற்றி, பேரி ஹியூபர்ட் குழு வெப்பமண்டலப் பசிபிக்கில் டி.எம்.எஸ். பாய்வை இப்படி அளந்து 2004இல் வெளியிட்டது. அடுத்தடுத்து வந்த பயணங்களில் ஒரு விநோதம் தெளிவானது. காற்று ஏறும்போது டி.எம்.எஸ்ஸின் பிஸ்டன் வேகம் ஏறக்குறைய நேர்கோட்டில்தான் ஏறியது, வர்க்கமாகவோ மும்மடியாகவோ இல்லை.

2013 இலையுதிர் காலத்தில் நார் என்ற ஆய்வுக் கப்பல் (டைட்டானிக்கின் சிதைவைக் கண்டுபிடித்த அதே கப்பல்) புயல்களைத் தேடியே வட அட்லாண்டிக்குக்குப் போனது. மற்ற கப்பல்கள் விலகி ஓடும் இடத்துக்கு இவர்கள் கருவியோடு போனார்கள். நொடிக்கு 20 மீட்டரைத் தாண்டிய காற்றில் கார்பன் டை ஆக்சைடையும் டி.எம்.எஸ்ஸையும் பக்கம் பக்கமாக அளந்தார்கள். கார்பன் டை ஆக்சைடின் வேகம் செங்குத்தாக ஏறியது, டி.எம்.எஸ். பின்தங்கியது. காரணம் குமிழி. அலை உடையும்போது நீருக்குள் போகும் குமிழிகள் வாயுவுக்கு இன்னொரு வாசலைத் திறக்கின்றன. சரியாகக் கரையாத வாயு அந்தக் குறுக்கு வழியை நன்றாகப் பயன்படுத்தும். டி.எம்.எஸ். அதைவிட நன்றாகக் கரைவது, குமிழிக்குள் சட்டென்று நிரம்பிவிடும், அதற்குமேல் குமிழியால் சுமக்க முடியாது. ஆக, காற்றின் வேகத்தை மட்டும் வைத்து எல்லா வாயுவுக்கும் ஒரே சூத்திரம் எழுதலாம் என்ற ஆசைக்கு அங்கே முற்றுப்புள்ளி. பழைய சண்டையில் பாதி, இருதரப்பும் வெவ்வேறு வாயுவை வைத்துக்கொண்டு பேசியதால் வந்தது என்பது என் அபிப்பிராயம்.

குமிழி தவிர பரப்பின் பிசுக்கும் உண்டு. பாசிகள் வெளிவிடும் எண்ணெய்ப்பசை போன்ற பொருள்கள் மேற்பரப்பில் படர்ந்து சிற்றலைகளை அடக்குகின்றன, மதகு சற்று மூடுகிறது. அட்லாண்டிக்கில் செய்து 2018இல் வெளியான ஆய்வு ஒன்று, இதனால் பரிமாற்றம் 32 சதவீதம் வரை குறையலாம் என்றது. காற்றின் வேகத்தில் இதற்கு எந்த அடையாளமும் தெரியாது.

சராசரியிலும் ஒரு பொறி இருக்கிறது, அதிகம் பேர் கவனிப்பதில்லை. பாதி நாள் 4 மீட்டர், பாதி நாள் 10 மீட்டர் காற்று என்றால் சராசரி 7, அதன் வர்க்கம் 49. ஆனால் இரண்டு வர்க்கங்களின் சராசரி 58. மாதச் சராசரிக் காற்றைச் சூத்திரத்தில் போட்டாலே பாய்வில் ஆறில் ஒரு பங்கு காணாமல் போகும். நம் பக்கத்து அரபிக்கடலில் இது இன்னும் கூர்மை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஆழத்து நீர் மேலே வருகிறது, ஆக்சிஜன் குறைந்த அந்த நீர் நைட்ரஸ் ஆக்சைடைச் சுமந்து வருகிறது. கோவாவின் தேசிய கடலியல் நிறுவனத்தைச் சேர்ந்த நக்வியும் கூட்டாளிகளும் 2000இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவின் மேற்குக் கடலோரத் திட்டில் அது சமநிலையைவிடப் பல மடங்கு ஏறுவதைக் காட்டியது. செறிவு ஏறும் அதே மாதங்களில்தான் காற்றும் உச்சத்தில் இருக்கிறது. மதகும் திறந்து, மட்டமும் உயர்ந்து, இரண்டும் ஒன்றாக வருகின்றன. ஆண்டுச் சராசரிச் செறிவையும் ஆண்டுச் சராசரிக் காற்றையும் பெருக்கினால் அந்த மாதங்களின் பாய்ச்சல் கணக்கிலேயே வராது. கப்பல்களும் அந்த மாதங்களில்தான் கடலுக்குப் போகத் தயங்கும்.

மெத்தனாலைப் பற்றி ஒரு வரி. 2012இல் பிரிட்டனிலிருந்து தெற்கே அட்லாண்டிக் நீளத்துக்கும் போன பயணத்தில் அதன் பாய்வை எடி கோவேரியன்ஸில் அளந்தார்கள். வழி நெடுக அது காற்றிலிருந்து கடலுக்குள்தான் இறங்கிக்கொண்டிருந்தது.

இனி உங்கள் 'கால் பங்கு' கார்பன் டை ஆக்சைடு. கடலின் மேல்தோல், கீழே உள்ள நீரைவிட ஒரு டிகிரியில் ஆறில் ஒரு பங்கு போலக் குளிர்ந்திருக்கும், ஏனெனில் அது ஆவியாகி வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கிறது. கப்பலோ சில மீட்டர் ஆழத்திலிருந்து நீரை எடுக்கிறது. இந்தச் சின்ன வேறுபாட்டையும், மாதிரி வழியில் சூடேறுவதையும் திருத்திப் போட்டபோது கடல் உறிஞ்சும் கார்பன் ஆண்டுக்கு 80 முதல் 90 கோடி டன் கூடியது. ஆண்ட்ரூ வாட்சனும் கூட்டாளிகளும் 2020இல் வெளியிட்ட கணக்கு இது. அப்படியென்றால் கால் பங்கு என்பது பொய்யா? இல்லை. காற்றில் ஆக்சிஜன் குறையும் வேகம், கடலின் உள்ளே சேர்ந்திருக்கும் கார்பன் என்று மேற்பரப்பையே தொடாத வேறு வழிகளிலும் அதே அளவை ஒட்டிய விடை வருகிறது. அதனால் கார்பன் எண்ணை நான் நம்புகிறேன். டி.எம்.எஸ். எண்ணுக்கு அப்படிச் சரிபார்க்க இன்னொரு கணக்குப் புத்தகம் இல்லை, அதை எல்லையோடு சேர்த்தே படியுங்கள்.

நீங்களே பார்க்க ஆசைப்பட்டால், கப்பல்கள் அளந்த கார்பன் டை ஆக்சைடுத் தரவு சோகாட் என்ற பொதுத் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கிறது. வரைபடத்தைத் திறந்தால் வட அட்லாண்டிக்கில் கப்பல் கோடுகள் பின்னல் மாதிரி நெருங்கிக் கிடக்கும். அப்படியே வங்காள விரிகுடாவுக்கு வாருங்கள். சில கோடுகள், அப்புறம் வடக்கே 15 பாகை, கிழக்கே 90 பாகையில் 2013 முதல் அளக்கத் தொடங்கிய ஒரு மிதவை. மற்றபடி பெரும்பாலும் வெற்றிடம். சென்னைக் கரைக்கு எதிரே உள்ள நீருக்கு உலக வரைபடங்கள் காட்டும் வண்ணம், பெரும்பாலும் அந்த வெற்றிடத்தைக் கணினி நிரப்பிய வண்ணம்தான்.